மூக்குடைந்த கிளி

அத்தியாயம் ஐந்து

ஜெபமணி வாசற்படியில் உட்கார்ந்து அரைப் பிளேடால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதீகன்னு எத்தனை தரம் சொல்றது" என்றாள் செல்லக்கனி உள்ளேயிருந்து.

"வேதக்காரிக்கு என்னடி வெள்ளிக்கிழமை?"

"பக்கத்து வீட்டு மாயக்கா பாத்தா வையும்."

"அது சரி. ஞாயித்துக்கிழமை கர்த்தருக்குப் பயப்படணும், வெள்ளிக்கிழமை மாயக்காவுக்குப் பயப்படணும். மனுசன் என்னைக்குத்தான் நகம் வெட்டுறது?"

ஒன்பது விரல் முடிந்தது. பத்தாவதுக்குப் பிளேடைத் திருப்பும்போது தெருமுனையில் லோடு ஜீப்பு ஆரன் அடித்தது. ஏழரை மணி பஸ்சை விட்டுவிட்டவனுக்கு மலைத்தோட்டத்து வேலைக்கு ஏற அதுதான் வழி. பிளேடைக் காகிதத்தில் மடித்துக் கூரை இடுக்கில் செருகினான். காப்பியை மூடி வைக்கச் சொன்னான். போனான்.

பதினோராவது வளைவில் ஜீப்பு உருண்டது. சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து போன நாலு பேரில் மூன்று பேர் கை கால் முறிந்து பிழைத்தார்கள்.

போடிக்கு ரயில் திரும்ப வந்த மறு வருஷம் இது. யுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தை மறுபடி போட்டு வண்டி விட்டதும் ஊருக்குள் ஏலக்காய் வியாபாரம் பொங்கியது. வியாபாரம் பொங்கினால் சரக்கு வைக்கக் கிட்டங்கி வேண்டும். கிட்டங்கிக்கு இடம் வேண்டும். காசிமாயன் தன் ஏழு வீட்டு வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஏழு வீட்டிலும் மனிதர்கள் இருந்தார்கள். அதுதான் அவருக்கு இடைஞ்சல்.

எல்லாரையும் காலி செய்யச் சொல்லி அவர் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட்டார். மூன்றாம் எண் வீட்டு ஜெபமணி ஏழு வீட்டுக்கும் சேர்த்து எதிர் மனுப் போட்டான். பழைய ஆபீசர் ஆறு மாதம் விசாரித்தார். மாறுதலாகிப் போகிற வியாழக்கிழமை சாயங்காலம், கழுத்தில் மாலையோடு, குடியிருப்பவர்கள் காலி செய்யத் தேவையில்லை என்று உத்தரவில் கையெழுத்துப் போட்டார். ஜன்னல் வழியாக ஜெபமணி கண்ணால் பார்த்தான். காலையில் வந்து நகல் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை விடியப் போனான். வெறுங்கையோடு திரும்பினான். அதற்குப் பிறகுதான் நகம் வெட்ட உட்கார்ந்தது.

இப்போது ஐந்து வாரம் ஆகிவிட்டது. அந்த உத்தரவு அலுவலகத்தில் இல்லை. நகலும் இல்லை. அப்படி ஒரு கையெழுத்தே விழவில்லை என்றார் காசிமாயன். இன்று மதியம் மூன்று மணிக்குப் புது ஆபீசர் விசாரணை வைத்திருந்தார். காகிதத்தைக் காட்டாவிட்டால் ஏழு குடும்பமும் சட்டி பானையோடு தெருவில்.

பஜாரில் சைக்கிள் கடைக்கு மேலே மாடியறையில், "தங்கபாண்டியன், துப்பறிவாளர்" என்று பலகை தொங்கியது. தங்கபாண்டியன் முன்பு போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். பிடிபட்டவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிற கெட்ட பழக்கத்தால் வேலை போனது. அவருடைய உதவியாளர் அமாவாசை இருபது வருஷம் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டியவர். ஊருக்கு டாக்கீஸ் வந்ததும் நாடகம் படுத்துக்கொண்டது. வாய் மட்டும் படுக்கவில்லை.

"காசிமாயன் உத்தரவைத் திருடியிருக்கார். நேரில் பார்த்த சாட்சியை ஜீப்பில் ஏத்தி மலையில் உருட்டியிருக்கார். இதுதான் என் கணக்கு" என்றார் தங்கபாண்டியன். ஒரு வாரமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழு வீட்டுக்கும் சேர்த்து அவரிடம் போயிருந்த செல்லக்கனிக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. யாரோ ஒருத்தர் செய்தார் என்று இருந்தால் ராத்திரி படுத்து நினைத்துக்கொள்ள ஒரு முகமாவது கிடைக்கும்.

"ஆத்தா, நீயும் வா. காகிதத்தைப் பார்த்தா படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். நம்ம அமாவாசைக்கு வசனம்தான் தெரியும், எழுத்துத் தெரியாது."

"எழுத்துத் தெரிஞ்சவுக எழுதின வசனத்தைத்தாண்ணே நான் பேசினேன். அதான் கம்பெனி மூடிருச்சு" என்றார் அமாவாசை.

மணி பத்து. மூவரும் முதலில் போன இடம், "போடி கட்டட உரிமையாளர் நல்லுறவுச் சங்கம்". காசிமாயன் அதற்குச் செயலாளர். அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனார்கள். குமாஸ்தா வீரையா மட்டும் மேசைக்குப் பின்னால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சங்கத்துல சேரலாம்னு வந்தேன்" என்றார் அமாவாசை. "எனக்கும் சிலமலையில ஒரு வீடு இருக்கு. கூரை மட்டும் இல்லே. அது சங்கத்து விதிக்கு உட்படுமா?"

"வாடகைக்கு விடுறீகளா?"

"ஒரு ஆட்டுக்கு விட்டிருக்கேன். காலி பண்ண மாட்டேங்குது."

வீரையா வெள்ளை மனசுக்காரர். சங்கத்தைப் பற்றி யாராவது கேட்டால் போதும், நெஞ்சு நிமிர்ந்துவிடும். எழுந்து சுவருக்குக் கூட்டிப் போனார். ஆறு போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஆபீசர், பக்கத்தில் காசிமாயனின் பல்வரிசை, நடுவில் இரண்டு பேரும் பிடித்திருக்கும் கண்ணாடிப் பிரேமுக்குள் வாழ்த்துப் பத்திரம்.

"ஆபீசர் வந்து பொறுப்பேத்துக்கிட்ட அன்னைக்கே எலுமிச்சம்பழம். கையோட வாழ்த்துப் பத்திரம். மாசம் ஒருக்கா வீட்டுச் சொகம் விசாரிப்பு. பிள்ளைக்குக் காது குத்துன்னா பந்தல் நம்மது. மாமியாருக்கு முழங்கால் வலின்னா தைலம் நம்மது. மாறுதல்னா மாலை, ஸ்டேஷன் வரைக்கும் மேளம்."

"பதிலுக்கு அவுக என்ன செய்யணும்?" என்றார் தங்கபாண்டியன்.

வீரையாவின் முகம் சுருங்கியது. "எதையும் கேக்க மாட்டோம் சார். கேட்டா அது லஞ்சம். கேக்காமக் குடுத்தா அது உறவு."

"சம்பந்தி வீட்டுக்குக்கூட யாரும் இம்புட்டுச் செய்யறதில்லே" என்றார் அமாவாசை.

"சம்பந்தி உத்தரவு போடுவாரா?" என்றார் வீரையா.

செல்லக்கனி மேசையருகே நின்றாள். ஏலக்காய் பொறுக்கும் பெண்ணுக்கு எழுத்து எங்கே தெரியப்போகிறது என்று வீரையா ஒரு நோட்டைத் திறந்தபடியே வைத்துவிட்டு எழுந்திருந்தார். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் என்பது அவள் முகத்தில் எழுதியிருக்கவில்லை. அட்டையில் "ஆபீசர் குணநலக் குறிப்பு" என்று இருந்தது. திறந்திருந்த பக்கத்தில் புது ஆபீசர் இருந்தார்.

சுண்டக் காய்ச்சிய பால் பிடிக்கும். கர்நாடக சங்கீதம் பிடிக்காது, பிடித்ததாகச் சொல்வார், மறுக்க வேண்டாம். மூத்த மைத்துனரைப் பற்றிப் பேசக்கூடாது. வாழ்த்துப் பத்திரத்தைத் தினமும் அலுவலகம் திறந்ததும் ஒரு தடவை, பூட்டும் முன்பு ஒரு தடவை வாசிக்கிறார்.

முந்தின பக்கத்தைப் புரட்டினாள். அது பழைய ஆபீசர். ஒரே ஒரு வரிதான் இருந்தது: எதைக் கொடுத்தாலும் "வேண்டாம்" என்கிறார், மாறுதலுக்கு முயற்சி செய்யவும்.

தங்கபாண்டியன் போட்டோக்களின் முன்னால் இரண்டாவது தடவையாக நடந்துகொண்டிருந்தார். மூக்கு கண்ணாடியில் இடித்தது.

"வீரையா, இந்தப் பிரேமுக்கு மேலே ஒரு கிளி செதுக்கியிருக்கே."

"தேக்குக் கிளி சார். மதுரை வேலை."

"முதல் ரெண்டு போட்டோவுல கிளிக்கு மூக்கு இருக்கு. மூணாவதுல இருந்து மூக்கு இல்லே."

வீரையாவின் விசிறி நின்றது.

"ஆபீசர் ஆறு பேரு, கிளி ஒண்ணா?" என்றார் அமாவாசை. "மூணாவது ஆபீசரு கடிச்சுட்டாரா?"

வீரையா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளியே சொல்லாதீக. போற ஆபீசரு கையில பிரேமைக் குடுத்துப் போட்டோ எடுப்போம். ரயில்ல தூக்கிட்டுப் போனா கண்ணாடி உடையும், பார்சல்ல அனுப்புறோம்னு வாங்கி வச்சுக்குவோம். மறுநாளு வர்ற ஆபீசருக்குப் புதுத் தாளை உள்ளே வச்சு அதையே மாட்டிருவோம். இதுவரைக்கும் ஒருத்தரும் பார்சலைக் கேட்டு எழுதினதில்லே சார். போற ஊர்லயும் ஒரு சங்கம் இருக்கும்ல."

"இப்ப இருக்கிற தாளை எப்ப உள்ளே வச்சீக?"

"புது ஆபீசரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சார்ஜ் எடுத்தாரு. அன்னைக்குக் காலையில ஆபீஸ் வராந்தாவுலயே வச்சு அடிச்சாக. கண்ணாடிக்கடை ஜேசுதாசு."

தங்கபாண்டியன் படியிறங்கும்போது இரண்டிரண்டு படியாக இறங்கினார். துப்புக் கிடைத்தால் அவர் நடை அப்படி ஆகிவிடும் என்று அமாவாசை செல்லக்கனியிடம் சொன்னார். "பசிச்சாலும் இப்படித்தான் இறங்குவாரு தங்கச்சி. ரெண்டுல எதுன்னு ஓட்டல் வாசல்ல போனாத்தான் தெரியும்."

ஓட்டல் வாசலைத் தாண்டிப் போனார்.

ஜேசுதாஸ் கம்பத்திலிருந்து வந்து கடை போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் யார் யார் என்று இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை. சாமி படங்களுக்கு நடுவே உட்கார்ந்து கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார்.

"புது வாழ்த்தை வைக்கும்போது பழசை என்ன செய்வீக?" என்று கேட்டார் தங்கபாண்டியன்.

"முன்னாடி அடிச்சவுக எடுத்ததில்லே. முன்னாடி புதுசு, பின்னாடி பழசு. ஆடாம அண்டை கொடுத்து நிறுத்துறதுக்கு ஆகும்ல. திறந்து பாத்தேன், ஆபீசரெல்லாம் ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தர் நிக்கிறாக."

"பதவின்னா அப்படித்தான்" என்றார் அமாவாசை.

"ஆனா பின்பலகையும் பழைய தாளும் கரையான் அரிச்சது, வெளியே எடுத்ததும் பொடியா உதுந்துருச்சு. இந்தா கிடக்கு பாருங்க." மூலையில் இத்துப்போன பலகையும் மண்ணும் கிடந்தன. "புதுத் தாளை வச்சா லொடலொடன்னு ஆடுது. மொடமொடன்னு ரெண்டு தாள் கொண்டாங்கன்னேன். ஆபீஸ் சேவகர் பால்பாண்டி மேசையில கிடந்த கத்தையிலிருந்து எடுத்துக் குடுத்தாரு. முந்தின நாள் பிரிவு உபசாரத்துக்குச் சங்கத்துல அடிச்ச வாழ்த்து, ஆபீசரு எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டு மிச்சம் கிடக்குன்னாரு."

"என்ன தாள்?"

"சந்தனம் பட்டிருந்துச்சு. கீழே முத்திரை, கையெழுத்து. இங்கிலீசு. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. குப்புறப் போட்டு, மேலே புதுப் பலகை வச்சு ஆணி அடிச்சேன்."

செல்லக்கனி ஒரு எட்டு முன்னால் வந்தாள். கடைப்பலகையைப் பிடித்துக்கொண்டாள். சங்கம் அச்சடிக்கும் வாழ்த்துத் தமிழில்தான் இருக்கும். ஆபீசர் போடுகிற உத்தரவுதான் இங்கிலீசில் இருக்கும். ரெண்டு தாள் என்றால் ஒன்று அசல், ஒன்று நகல்.

"அண்ணே, இப்பவே போய்ச் சொல்லிருவோம்" என்றாள்.

"யார்கிட்டே? அந்த ஆபீஸ் எங்கே இருக்கு?"

ஊருக்கே தெரிந்த விஷயம். வாடகையைக் கட்டுப்படுத்துகிற அந்த அலுவலகம் சங்கத் தலைவரின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தது. மூன்று வருஷமாக ஓடு ஒழுகியது. வீட்டுக்காரர் மேல் யாரிடம் மனுப் போடுவது என்று அலுவலகத்துக்குத் தெரியவில்லை.

"நாம வாயைத் திறந்தா அடுத்த நிமிஷம் பிரேமு ரிப்பேருக்குப் போயிரும். ஆபீசரும் குடித்தனக்காரி பேச்சைக் கேட்டுத் தன் புகழைப் பிரிச்சுப் பாக்க மாட்டாரு. அவரே பிரிக்கச் சொல்லணும்."

"தினம் ரெண்டு தரம் அதை வாசிக்கிறாராம்" என்றாள் செல்லக்கனி. "சங்கத்து நோட்டுல இருந்துச்சு."

தங்கபாண்டியன் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு அமாவாசையைப் பார்த்தார். அமாவாசை மூலையில் குனிந்து, இத்துப்போன பலகையிலிருந்து கரையான் மண்ணை ஒரு பிடி அள்ளி வேட்டி முடிச்சில் கட்டிக்கொண்டிருந்தார்.

"விபூதி" என்றார்.

மூன்று மணிக்கு அந்த அலுவலக மாடியில் கூட்டம். ஏழு வீட்டுக்காரர்களும் ஒரு சுவர் ஓரம் நின்றார்கள். எதிர்ச்சுவர் ஓரம் சங்கத்துக்காரர்கள் நாற்காலியில் இருந்தார்கள். நாற்காலிகள் சங்கத்தின் அன்பளிப்பு. ஆபீசரின் தலைக்கு மேலே கிளிப் பிரேம் தொங்கியது. அதன் மேல் ஒரு முழம் மல்லிகை. தினமும் காலையில் காசிமாயனே வந்து பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைப்பார். ஊதுபத்தியும் உண்டு.

ஆபீசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உத்தரவு போடப்பட்டதாகச் சொல்கிறீர்கள். எங்கே உத்தரவு?"

"இருக்குங்க ஐயா. அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றார் தங்கபாண்டியன்.

"அஞ்சு வாரம் குடுத்தாச்சு" என்றார் காசிமாயன். அவர் குரலில் மிரட்டல் இல்லை. கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர் போலத்தான் பேசுவார். "ஐயாவுக்குப் பால் ஆறிப்போகுது. பால்பாண்டி, சூடு பண்ணிக் கொண்டா. ஐயா, இதுக பாவம் அறியாச் சனங்க. புருசன் போன துக்கத்துல அந்தப் பொண்ணு என்னென்னமோ சொல்லுது. ஒரு வாரம் வேணா தவணை குடுத்துருங்க, சாமான் எடுக்க. நான் கல்நெஞ்சுக்காரன் இல்லே."

இதற்குள் அமாவாசை கைகட்டி வாழ்த்துப் பத்திரத்தின் கீழே போய் நின்றிருந்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் வாசிக்கிறவனைப்போல் நிற்க அவருக்குத் தெரியும். தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்தார். பிறகு இரண்டு விரலால் பிரேமின் கீழ்ச்சட்டத்தைத் தட்டினார். ஆபீசரின் மேசையில், பச்சை விரிப்பின் மேல், பொலபொலவென்று மண் உதிர்ந்தது.

"யார் நீ? என்ன செய்கிறாய்?"

"மன்னிக்கணுங்க ஐயா. தங்கமான எழுத்து. போயிருச்சேன்னு வயித்தெரிச்சல்ல தட்டிட்டேன்."

"என்ன போய்விட்டது?"

"கரையானுங்க. கீழே இருந்துதான் ஏறும். ஐயா பட்டம், உத்தியோகம் எல்லாம் கீழ்வரியிலதானே இருக்கும்? அங்கிட்டுத்தான் இப்ப மேயுது. பேரு மேலே இருக்கிறதால சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

ஆபீசர் எழுந்தே விட்டார். மண்ணை விரலால் தொட்டு முகர்ந்தார். ஏழு குடும்பத்தின் வழக்குக் கட்டு மேசையில் அப்படியே கிடந்தது. "காசிமாயன், இதைப் பார்த்தீரா?"

காசிமாயன் பார்த்தார். ஆறு ஆபீசர் காலத்து உறவு நூல் ஒரு பிடி மண்ணில் அறுந்துவிடும் போலத் தெரிந்தது. "இப்பவே பிரிச்சுச் சுத்தம் பண்ணிருவோம் ஐயா. வெரசா போய் ஜேசுதாசைக் குறடோட கூட்டியாங்கப்பா."

ஜேசுதாஸ் வந்தார். குறடை நீட்டியதும் காசிமாயன் பறித்துக்கொண்டார். "ஐயா புகழ்ல கண்டவன் கை படலாமா? நானே எடுக்கிறேன்."

பன்னிரண்டு ஆணி. ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே பிடுங்கினார். ஆணி வரும்போதெல்லாம் ஆபீசரைப் பார்த்துச் சிரித்தார். செல்லக்கனி நெருங்கி அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். கடைசி ஆணியும் வந்தது, பலகையைத் தூக்கினார். அடியில் கிடந்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அவர் புரட்டினார்.

தன் பெயர் எந்த மொழியில் இருந்தாலும் மனிதனுக்குத் தெரிந்துவிடும். காசிமாயனின் பல்வரிசை மெல்ல உள்ளே போனது. அதற்கு எதிரே இன்னொரு பெயர் இருந்தது. செல்லக்கனி அதை எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஐயா, அந்தத் தாளை வாசிங்க" என்றாள்.

ஆபீசர் வாங்கினார். முதலில் வாழ்த்துப் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்து, கீழ்வரி முழுசாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு எழுத்தும் குறையவில்லை. அந்த நிம்மதியில் உத்தரவைப் படித்தார். தேதி சரி, முத்திரை சரி, கையெழுத்துச் சரி. மனு தள்ளுபடி. குடியிருப்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது.

"அப்ப அஞ்சு வாரமா நீங்க இதுக்குத்தான் பூப்போட்டு ஊதுபத்தி காட்டுனீகளா?" என்றார் அமாவாசை காசிமாயனிடம். "சாமி வரம் குடுத்துருச்சு. ஆனா எதிர்க்கட்சிக்கு."

காசிமாயன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டை எடுத்தபோது பல்வரிசை திரும்ப வந்திருந்தது. "நீதி கிடைச்சதுல சங்கத்துக்குப் பரம சந்தோசம். ஐயா சமுகத்துல இப்படி ஒரு உண்மை வெளிப்பட்டதுக்கு ஒரு வாழ்த்துப் பத்திரம் அடிச்சே ஆகணும். வீரையா, குறிச்சுக்க."

ஆபீசர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தங்கபாண்டியனுக்கு இன்னும் பாதிக் கணக்கு மீதி இருந்தது. நோட்டைத் திறந்துகொண்டு முன்னால் வந்தார். "ஐயா, இன்னொண்ணு இருக்கு. வெள்ளிக்கிழமை காலையில ஜெபமணி இங்கே வந்தாரு. நகல் கேட்டாரு. அவரை வெறுங்கையோட அனுப்பினது யாரு? பஸ்சைத் தவற விடவச்சது யாரு? ஏய் பால்பாண்டி, யார் சொல்லி அவரைக் காக்க வச்சே?"

பால்பாண்டி பால் டம்ளரை மேசையில் வைத்தார். "யாரும் சொல்லலே சாமி. மேசையெல்லாம் மாலையும் தட்டுமாக் கிடந்துச்சு. புது ஆபீசர் வர்றதுக்குள்ள கூட்டித் தொடைக்கணும். செத்தப் பொறுங்கன்னேன். பெறகு தேடினேன், கிடைக்கலே. சாயங்காலம் வாங்கன்னேன்."

கீழே உட்கார்ந்து ஆணி பொறுக்கிக்கொண்டிருந்த ஜேசுதாஸ் நிமிர்ந்தார். "யாரு, சட்டைப் பையில பேனா வச்சிருந்தாரே, அவரா? சிரிச்ச முகமா, ஒல்லியா?"

பால்பாண்டி தலையை ஆட்டினார்.

"அவருதான சார் எனக்குப் பிரேமைப் பிடிச்சுக் குடுத்தாரு. நான் ஒண்டி ஆளு. கண்ணாடி வழுக்குச்சு. அண்ணே, சும்மாத்தான நிக்கிறீக, கீழ்மூலையை அமுக்கிப் பிடிங்கன்னேன். உடனே குனிஞ்சு பிடிச்சாரு. பஸ்சு ஆரன் கேட்டுச்சு. ஏழரை வண்டி, போகணுமேன்னாரு. இன்னும் மூணே ஆணிதாண்ணேன்னேன். சரி அடிங்க, பாதியில விட்டா கண்ணாடி விழுந்துரும்னு முழுசாப் பிடிச்சுக் குடுத்துட்டுத்தான் ஓடினாரு. நல்ல மனுசன். ஏன், என்ன ஆச்சு அவருக்கு?"

தங்கபாண்டியன் நோட்டை மூடினார். எழுதுவதற்கு அதில் ஒரு பெயரும் இல்லை. தாள் குப்புறக் கிடந்தது. பிடித்தவனுக்கு அது தெரியாது. அடித்தவனுக்கு இங்கிலீசு தெரியாது. எடுத்துக் கொடுத்தவனுக்கு வேலை அவசரம். பிரேமுக்குச் சொந்தக்காரருக்குச் சிக்கனம். சட்டப் புத்தகத்தில் எந்தப் பிரிவிலும் இந்த நாலு பேரைச் சேர்த்துக் கட்ட முடியாது.

ஆபீசர் உத்தரவின் நகலைச் செல்லக்கனியிடம் நீட்டினார். சந்தனம் காய்ந்து ஒரு மூலை பழுப்பாகியிருந்தது. வாங்கிக்கொண்டு அவள் ஜேசுதாஸைப் பார்த்தாள். அவர் உள்ளங்கை நிறைய ஆணியோடு, தான் சொன்னது எதில் போய்த் தைத்தது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தான் பிடிச்சிருக்காக" என்றாள். "கண்ணாடி விழலே."

படியிறங்கும்போது தங்கபாண்டியன் ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழ்ப்படியில் நின்றார். "ஆத்தா, நான் ஒரு வாரமாச் சொன்னது தப்பு. உன் புருசனை யாரும் கொல்லலே."

"தெரியுதுண்ணே."

"அது உனக்கு ஆறுதலா இருக்கணும்."

அவள் சேலை முந்தானையில் காகிதத்தைச் சுற்றி இடுப்பில் செருகினாள். "யாராச்சும் கொன்னிருந்தா நல்லாருந்திருக்கும்ணே. வைய ஒரு ஆளு இருந்திருக்கும். இப்ப நான் அந்த மூணு ஆணியை வையறதா, இல்லே கூப்பிட்டதும் குனிஞ்சு பிடிச்சுக் குடுத்த அவுகளை வையறதா?"

தங்கபாண்டியன் அமாவாசையைப் பார்த்தார். அமாவாசை குனிந்தார். வேட்டி முடிச்சை அவிழ்த்து மிச்சமிருந்த மண்ணைத் தெருவில் உதறினார்.

ஏழு வீட்டு வரிசைக்குச் செய்தி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கட்டி வைத்த மூட்டைகளை அவிழ்த்துப் பாத்திரங்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மாயக்காள் வாசலிலேயே காத்திருந்து அவள் கன்னத்தைத் தடவினாள். என்னென்னவோ கேட்டாள். காகிதம் கிடைத்தது என்று மட்டும் செல்லக்கனி சொன்னாள்.

உள்ளே போய் அதை வேதப் புத்தகத்துக்குள் வைத்தாள். வெளியே இரண்டாம் எண் வீட்டுக்காரி கயிற்றைக் கிணற்றுக் கல்லில் போட்டுவிட்டு, "செல்லக்கனி, வாறியா" என்று குரல் கொடுத்தாள்.

ஏழு வீட்டுக்கும் கிணறு ஒன்று. மூன்றாம் எண் வீட்டுக்குத் தண்ணீர் இறைக்கிற முறை நாலரை மணி. செல்லக்கனி குடத்தை எடுத்தாள்.